கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போனவர்கள்

அந்த வருஷம் மாசியில் பெய்யவேண்டிய மழை பெய்யாமல், பங்குனி வெயில் முன்னதாகவே வந்து கொன்றைபாளையத்துத் தார்ச்சாலையை இளக்கத் தொடங்கியிருந்த நாட்களில், ஊருக்கு வெளியே வேப்பந்தோப்புக்குள் இருக்கும் மாலைநிழல் முதியோர் இல்லத்தில் ஒரு புது வழக்கம் தானாக ஏற்பட்டது. அந்த இல்லத்தின் வாசற்படியை யார் யாரைக் கைப்பிடித்துத் தாண்ட வைத்தார்களோ, உள்ளே போனவரின் உடம்புக்கு நேர்வதெல்லாம் அழைத்துப்போனவரின் உடம்புக்கும் நேர்ந்தது. இதை யாரும் தண்டோரா போட்டுச் சொல்லவில்லை, எந்தச் சாமியும் யார் மேலும் இறங்கி வந்து சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம் மாறினால் ஊர் எப்படித் தெரிந்துகொள்ளுமோ அப்படித்தான், ஒருவர் பின் ஒருவராக, கொஞ்சம் எரிச்சலோடும் கொஞ்சம் சலிப்போடும் தெரிந்துகொண்டார்கள்.

முதலில் தெரிந்தது மேல்நிலைப்பள்ளியில் பூகோளம் நடத்தும் ஈஸ்வரமூர்த்தி வாத்தியாருக்கு. தினமும் காலையில் இரண்டாவது பாடவேளையில், கையில் சாக்பீஸோடு தக்காணப் பீடபூமியின் மேல் நின்றுகொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் சொருகியது. சுவரில் தொங்கிய இந்தியாவின் மீது நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு அவர் குறட்டை விட்டார். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிப்போய், அவரைத் தோளில் தாங்கி நாற்காலியில் உட்காரவைத்து, தலைக்குக் கீழே ஒரு புத்தகப்பையைக் கொடுத்துவிட்டு, ஆறுகளின் பெயர்களைத் தாங்களாகவே மெல்லிய குரலில் ஒப்பித்துக்கொண்டார்கள். கூச்சல் போடுகிறார் என்று மாலைநிழலில் அவருடைய அப்பாவுக்குக் காலை இட்லியோடு ஒரு தூக்க மாத்திரையைப் பிசைந்து கொடுக்கிறார்கள் என்பது வாத்தியாருக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவருக்குப் பிறகு வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, செருப்பு எதுவும் கடிக்காமலே, இரண்டு குதிகாலிலும் புண் வந்தது. பஞ்சாலை மேஸ்திரி ஒருவருக்கு மத்தியானம் முழுக்க வேட்டி ஈரமாக ஒட்டிக்கொண்டிருப்பதுபோலவே இருந்தது, தொட்டுப் பார்த்தால் காய்ந்திருந்தது.

கோகிலாமணிக்கு வந்தது தாகம்.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், மூன்று தாலுகாவிலும் உள்ள முதியோர் இல்லங்களை நேரில் போய்ச் சோதித்து, இது நல்ல இல்லம், இது ஆகாது என்று சொல்வதுதான் கோகிலாமணியின் அரசாங்க உத்தியோகம். அவள் சோதிக்கிற விதத்தைப் பார்த்து இல்லக்காரர்கள் பயப்படுவார்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளப் பதித்திருக்கும் கம்பியில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்ப்பாள். தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறுங்காலோடு நடந்து பார்ப்பாள். மெத்தையைப் புரட்டி அடிப்பக்கத்தை முகர்ந்து பார்ப்பாள். தனக்கென்று இலைபோட்டு வைத்திருக்கும் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போய்ப் பெரிய பாத்திரத்திலிருந்து கையில் வாங்கிச் சாப்பிடுவாள். மாலைநிழல் இத்தனையிலும் தேறிய இல்லம். அதன் உரிமையாளர் அவினாசியப்பன் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். தன் அம்மா குளியலறையில் விழுந்து, வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் எடுக்க ஆளில்லாமல் கிடந்து செத்துப்போன துக்கத்தில் இந்த இல்லத்தைக் கட்டியவர். ஆகவே, தன் அண்ணன் வெள்ளிங்கிரியை எங்கே சேர்ப்பது என்ற கேள்வி வந்தபோது கோகிலாமணி அதிகம் யோசிக்கவில்லை.

வெள்ளிங்கிரி மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். அப்பா அம்மா போன பிறகு தங்கையைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, அவள் புருஷன் சீக்கிரமே போய்ச்சேர்ந்தபோது திரும்பக் கூட்டிவந்து, இதற்கெல்லாம் நடுவில் தான் கல்யாணம் செய்துகொள்ளவேண்டும் என்பதை மறந்தேபோனவர். மூளையில் இரத்தம் உறைந்து வலது கையும் வலது காலும் விழுந்துபோனதோடு, அவர் பேச்சும் போய்விட்டது. உலகத்தில் உள்ள அத்தனை சொற்களும் போய் ஒரே ஒரு சொல் மட்டும் அவர் வாயில் மிச்சமிருந்தது. அது "ஆமா."

"பசிக்குதுங்களாண்ணா?"

"ஆமா."

"வயிறு நெறஞ்சிருச்சுங்களா?"

"ஆமா."

கோகிலாமணி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு தடவை கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு நல்ல நாள் பார்த்து, அவருடைய இடது கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக நடத்தி, மாலைநிழலின் வாசற்படியைத் தாண்ட வைத்தாள்.

தாகம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கும். தண்ணீர் குடிப்பாள், வயிறு குடம்போல் நிறையும், தொண்டை மட்டும் சுண்ணாம்புக் காளவாய்போலக் காய்ந்துகொண்டிருக்கும். இளநீர் குடித்தாள், மோர் குடித்தாள், நன்னாரி சர்பத் குடித்தாள். ஒவ்வொன்றும் தொண்டையைத் தொடாமல் இறங்கிப்போயிற்று. வாத்தியார் கதையும் குதிகால் கதையும் அதற்குள் காதில் விழுந்திருந்ததால், அவள் டாக்டரிடம் போகாமல் நேராக இல்லத்துக்கே போனாள்.

அண்ணனின் கட்டிலருகே ஸ்டூலின் மேல் ஒரு ஜக்கு நிறையத் தண்ணீர் இருந்தது, மூடி போட்டு, பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த டம்ளரோடு. ஒவ்வொரு கட்டிலுக்கும் அப்படி இருக்கவேண்டும் என்று சொன்னவளே அவள்தான். ஆனால் ஸ்டூல் இருந்தது கட்டிலின் வலது பக்கம், அண்ணனின் செத்துப்போன கையின் பக்கம். அவர் தலையைத் திருப்பி, கடலைப் பார்ப்பதுபோல அந்த ஜக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவள் ஸ்டூலைத் தூக்கி இடது பக்கம் வைத்தாள். அவர் குடித்தார். அவள் தொண்டை நனைந்தது.

மறுநாள் மத்தியானம் தாகம் திரும்ப வந்தது. அவள் மறுபடியும் போனாள். ஸ்டூல் இடது பக்கம்தான் இருந்தது, ஜக்கு காலியாக இருந்தது. அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தா என்ற பெண் வேறொரு கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவள், கழுத்தில் சிலுவை, இடுப்பில் எப்போதும் ஒரு ஈரத்துண்டு.

"ஏம்மா ஜெசிந்தா, தண்ணி ஏன் வைக்கலே?"

ஜெசிந்தா விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். "தண்ணி குடுத்தா பாத்ரூம் கூட்டிட்டுப் போவணும்க்கா," என்றாள். "உங்க அண்ணன தூக்க ரெண்டு பேரு வேணும். இந்த ஹாலுக்கே நானும் இன்னொரு பிள்ளையுந்தான். அவள தூக்க கூப்பிட்டா அங்க ஒரு ஆளு விழுந்துரும். நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

கோகிலாமணி அந்தக் கூடத்துக் கட்டில்களை எண்ணினாள். கம்பியில் தொங்கிப் பார்த்திருக்கிறாள், தரையில் வழுக்கிப் பார்த்திருக்கிறாள். அந்தக் கம்பிவரை ஒரு ஆளைக் கொண்டுவந்து சேர்க்க எத்தனை கைகள் வேண்டும் என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்று, தன் தொண்டையைத் தானே தடவிக்கொண்டாள்.

ஊர் இதற்குள் இந்த வழக்கத்தோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டிருந்தது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர், வலி என்று வந்தவர்களிடம் நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன் "மாலைநிழல்ல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றால் மருந்துச் சீட்டில் இவர்களுக்கு ஒன்றும் எழுதாமல், உள்ளே இருப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். பெண் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளைக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்பதுபோல, யாரையாவது கைப்பிடித்து விட்டிருக்கிறாரா என்று விசாரித்தார்கள். சிலர் பெற்றவர்களைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். படியைத் தாண்டி வெளியே வந்த நிமிஷமே வலி நின்றுவிட்டது. ஆனால் வீட்டில் ஆளில்லாததால்தானே கொண்டுபோய் விட்டோம் என்பது இரண்டாவது வாரத்தில் நினைவுக்கு வர, மெல்லத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கும் விஷயம் எட்டியது. வங்கிப் பெண்ணின் அம்மா, மகளுக்குப் புண் வலிக்குமே என்று இரண்டு குதிகாலையும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டே படுத்திருந்து, முடியாதபோது அழுதாள். இன்னொரு பெரியவர், தன்னைப் பார்க்க வராத பையனைக் கூப்பிடுவதற்காகச் சாயங்காலம் தவறாமல் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டார். பையன் திருப்பூரில் ஒரு மீட்டிங்கின் நடுவே ஐயோ என்று எழுந்து நிற்பான், உட்கார்ந்து மறந்துவிடுவான்.

பிறகு வசதியுள்ளவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சரக்கு வண்டி ஓட்டும் சென்னியப்பன் என்று ஒருவன், நாற்பது வயது, நல்ல எலும்பு, யார் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன். வாடகை பேசி, அவனையே கைப்பிடித்து உள்ளே கொண்டுபோய் விடச் சொன்னார்கள். பிள்ளைகள் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க, சென்னியப்பன் ஒவ்வொரு பெரியவரையும் "பாத்துங்க தாத்தா, படி இருக்குதுங்க" என்று கூட்டிக்கொண்டு போனான். வைகாசி முடிவதற்குள் அவன் உடம்பில் பாதி இல்லம் குடியேறிவிட்டது. யாரோ பசித்தார்கள், யாரோ விழுந்தார்கள், யாருக்கோ மூத்திரம் முட்டிற்று, யாருக்கோ மாத்திரை கொடுத்தார்கள். அவன் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, ஸ்டீரிங்கின் மேல் தலையைச் சாய்த்து, என்ன வலிக்கிறது என்று கேட்டவர்களிடம் "யாரோடதுன்னு தெரியலீங்க" என்றான். கடைசியில் அவனை ஆஸ்பத்திரியில் ஒரு பெஞ்சில் படுக்கவைத்தார்கள். அவன் பெண்சாதி பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் விசிறுவது என்று தெரியாமல் விசிறிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெஞ்சைக் கடந்து போகும்போதுதான் கோகிலாமணி முதன்முறையாக மேலதிகாரியிடம் பேசுவது என்று முடிவெடுத்தாள். மேலதிகாரி கெட்டவரில்லை. விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "எனக்குப் புரியுதும்மா, எங்க சித்தப்பாவும் அங்கதான் இருக்கார்," என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா உங்க தொண்டை காயுதுன்னு ஒரு இல்லத்தை எப்படி மூடச் சொல்ல முடியும்? மூடினாத்தான் அவங்க எங்க போவாங்க?"

அந்த இரண்டாவது கேள்வியோடு அவள் வெளியே வந்தாள்.

பதில் ஜெசிந்தா வழியாக வந்தது. அந்தக் கூடத்தில் பூவாத்தாள் என்று ஒரு கிழவி இருந்தாள், தொண்ணூறை நெருங்கியவள், கண்ணில் பூ விழுந்ததால் அவளை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது மகனுக்கு வேலை இருந்ததால், ஜெசிந்தாதான் கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். அன்றோடு மகனுக்கு இருந்த முதுகுவலி நின்றுபோய், ஜெசிந்தாவுக்கு வந்தது. இதை யாரும் கோகிலாமணியிடம் சொல்லவில்லை. அவள் கண்ணாலேயே கண்டாள். கூடத்தில் அத்தனை கட்டில்களுக்கு நடுவே பூவாத்தாளின் கட்டிலில் மட்டும் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது, முதுகுக்குப் பின்னால் மடித்த போர்வை அண்டக் கொடுத்திருந்தது, ஜக்கு ததும்பிக்கொண்டிருந்தது. பூவாத்தாள் ராஜாத்திமாதிரி படுத்திருந்தாள்.

"பாட்டிக்கு மட்டும் ஏம்மா இவ்வளவு கவனிப்பு?"

ஜெசிந்தா வெட்கப்பட்டாள். "வேணும்னு செய்யலக்கா. அவங்க புரண்டு படுக்காட்டி எனக்குல்லா வலிக்கு."

கோகிலாமணி அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கடைசியாக யார் கையைப் பிடித்து உள்ளே போகிறார்களோ, அவருக்கே எல்லாம்; அது இல்லத்து ஆளாக இருந்துவிட்டால் கவனிப்பும் கூடவே வரும். அண்ணனின் காலிக் கட்டிலில் உட்கார்ந்து அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து முகம் கழுவினாள். முதியோர் இல்லங்களில் தீப்பிடித்தால் எல்லோரையும் வெளியே கொண்டுவர முடிகிறதா என்று ஒத்திகை நடத்திப் பார்ப்பது அவள் உத்தியோகத்தில் ஒரு பகுதி. மாலைநிழலில் அது வெகுநாளாக நடக்கவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு காலை, காற்று நன்றாக வீசிய நாளில், மாலைநிழலில் மணி அடித்தது. நடக்கிறவர்கள் நடந்தும், நடக்காதவர்கள் நாற்காலியிலும், சிலர் விரிப்போடு தூக்கப்பட்டும், எல்லோரும் வாசற்படியைத் தாண்டி வெளியே வேப்பமர நிழலுக்கு வந்தார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்தபோது, பள்ளிக்கூடத்தில் ஈஸ்வரமூர்த்தி வாத்தியார் திடுக்கிட்டு விழித்து, கோதாவரி உற்பத்தியாகும் இடத்தை இதுவரை யாரும் கேட்டிராத குரலில் சொன்னார். வங்கிப் பெண் குதிகாலை ஊன்றி எழுந்து நின்றாள். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு, என்ன நடந்தது என்று பார்க்க வண்டியை எடுத்து வந்தான். உடம்பு லேசான ஒவ்வொருவராக வந்து சேர, தோப்பின் வேலியோரம் பாதி ஊர் நின்றது. பெரியவர்கள் நீர்மோர் குடித்துக்கொண்டு காற்று வாங்கினார்கள். வெளியே வந்து வெகுகாலமாயிற்று என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நல்லா முடிஞ்சுதுங்க," என்றாள் கோகிலாமணி. "இனி எல்லாரையும் உள்ளே கூட்டிட்டுப் போலாம்."

யாரும் அசையவில்லை.

இல்லத்துப் பெண்கள் ஈரத்துண்டைப் பிழிந்தார்கள். வேலியோரம் நின்ற மகன்களும் மகள்களும் செல்போனைப் பார்த்தார்கள். அவினாசியப்பன் வெள்ளைச் சட்டையோடு படியருகே நின்று, எல்லோரையும் பார்த்து, கடைசியில் சென்னியப்பனைக் கையாட்டிக் கூப்பிட்டார்.

"ஏப்பா சென்னியப்பா, உனக்கு நான் தனியாப் பாத்துக்கறேன். வந்து கூட்டிட்டுப் போ."

சென்னியப்பன் இரண்டடி முன்னால் வந்தான். வழக்கம்போலச் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "மொதலாளி," என்றான், "இப்பத்தானுங்க என்ற உடம்பு எனக்குக் கெடைச்சிருக்குது." சொல்லிவிட்டு, தானே ஆச்சரியப்பட்டதுபோலப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

வெயில் ஏறியது. வேப்பமர நிழல் நகர்ந்தது. நாற்காலிகளை நிழலோடு நகர்த்தி நகர்த்தி வைத்தார்கள். பெரியவர்கள் தங்களைச் சுற்றி நடப்பது என்னவென்று ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டு, மோர் டம்ளரைக் கீழே வைத்தார்கள். தங்களை உள்ளே அழைத்துப்போக ஒரு கையும் இல்லை என்பதை அத்தனை பேரும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் கோகிலாமணிக்குத் தாங்கவில்லை. இப்படி ஒரு காரியத்தைச் செய்துவிட்டோமே என்றிருந்தது. போதும், அண்ணனை நானே கூட்டிப்போய்விடுகிறேன் என்று அவர் நாற்காலியருகே போய், அவருடைய இடது கையைப் பிடித்தாள்.

வெள்ளிங்கிரி கையை இழுத்துக்கொண்டார். மின்கம்பம் ஏறிய கை, இன்னும் அதில் பலம் இருந்தது.

"அண்ணா, வாங்க, போலாம்."

அவர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். இத்தனை மாதமாகத் தங்கை தன் தாகத்தைக் குடித்துக்கொண்டிருந்ததை அவர் அறிந்துதான் இருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் கண் அவளைத் தாண்டி, படியருகே நின்ற வெள்ளைச் சட்டையைப் பார்த்தது.

அதே திசையில் பூவாத்தாளும் பார்த்தாள். புதிதாகத் திறந்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: "ஏங்கண்ணு அவினாசி, உன்ற அம்மா இங்க உக்காந்திருந்தா யாரு கையப் புடிச்சு உள்ள போவா?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். அவினாசியப்பன் குனிந்து செருப்பைக் கழற்றினார். வந்து பூவாத்தாளின் முன் நின்று கையை நீட்டினார். அவளைப் படி தாண்ட வைத்துவிட்டு வெளியே வந்தபோது அவர் ஒரு கையால் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்தவரைக் கூட்டிப்போனார். வெளியே வந்தபோது காலை இழுத்தார். அதற்கடுத்தவர், அதற்கடுத்தவர் என்று, கோயில் வாசலில் வேண்டுதல் செய்கிறவரைப்போல, போவதும் வருவதுமாக இருந்தார். சட்டை நனைந்தது. ஜெசிந்தா முன்னால் வந்து, "பாட்டிய நான் திரும்ப வாங்கிக்கவா சார்?" என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தார். கடைசியில் வெள்ளிங்கிரியின் நாற்காலிக்கு வரும்போது அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. புல்லில் உட்கார்ந்து, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, வறண்ட குரலில் கேட்டார்:

"ஏனுங்க, இத்தன நாளும் இப்படியேதான் இருந்தீங்களா?"

"ஆமா," என்றார் வெள்ளிங்கிரி.

எதற்கும் ஆமா என்றே சொல்லும் மனிதர் அவர். இருந்தாலும் அன்றைக்கு அதை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. ஒரு கையும் ஒரு காலும் உள்ளவரும், எல்லாம் இருந்தும் எழ முடியாதவரும், ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு படியைத் தாண்டி உள்ளே போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் ஆச்சரியமாகச் சொல்லவில்லை, அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று கேட்டது. அந்த வாரமே கூடத்துக்குக் கூடுதலாக ஆட்கள் வந்தார்கள். இட்லியிலிருந்து மாத்திரை போயிற்று. வாத்தியாரின் அப்பா நாள் முழுக்கக் கூச்சல் போட்டார், என்ன கேட்கிறார் என்று ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டபோது, சன்னலைத் திறக்கச் சொல்கிறார் என்று தெரிந்தது. அவினாசியப்பன் ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று முகம் சுளித்து, போனை எடுத்து, "மூணாவது கட்டில், எடப்பக்கம், புரட்டிப் போடுங்க" என்பார். சேலை எடுக்க வந்த பெண்கள், "மொதலாளிக்கு வேர்க்குது பாரு, அங்க கரண்டு போயிருச்சாட்ட இருக்குது" என்று பேசிக்கொண்டார்கள். வழக்கம் தன் இல்லத்துக்கும் வந்துவிடுமோ என்று பக்கத்து ஊர் இல்லத்துக்காரர் ஒருவர் முன்யோசனையாக வாசற்படியையே இடித்துச் சமமாக்கிவிட்டார். படியில்லாவிட்டாலும் வாசல் வாசல்தான் என்பது, ஒரு பெரியவரைக் கைப்பிடித்து உள்ளே விட்ட மூன்றே நாளில் அவருக்கு மூட்டுவலியாகத் தெரிந்தது. பெரியவர்கள் யாராவது இறந்துபோகும்போது அவினாசியப்பனுக்கு ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் இருண்டு, பிறகு ஒரு இடம் காலியாகும். அன்று கடையைச் சாத்திவிட்டு, அவர்தான் முதல் ஆளாகப் போய் நிற்பார்.

கோகிலாமணியின் தொண்டை நனைந்தது. நனைந்தபிறகுதான் அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. அண்ணனைப் பற்றி இனி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவர் பசித்திருக்கிறாரா, படுத்திருக்கிறாரா, எங்கே வலிக்கிறது, எதுவும் தெரியாது. சாயங்காலம் அலுவலகத்திலிருந்து நேராக வேப்பந்தோப்புக்குப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்பாள். அவர் ஆமா என்பார். எந்த ஆமா நிஜம், எந்த ஆமா பழக்கம் என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். விரலைத் தொட்டுப் பார்ப்பாள், உதட்டைப் பார்ப்பாள், குதிகாலைத் தூக்கிப் பார்ப்பாள். இரண்டு பேரும் கூடத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார்கள். மற்ற இல்லங்களுக்குச் சோதனைக்குப் போகும்போதும் அவள் கம்பியில் தொங்கிப் பார்த்துவிட்டு, பிறகு ஏதாவது ஒரு கட்டிலின் ஓரத்தில் வெகுநேரம் உட்கார ஆரம்பித்தாள். இல்லக்காரர்கள் முன்பைவிட அதிகம் பயந்தார்கள்.

ஐப்பசியில், அடைமழை விட்டிருந்த ஒரு முற்பகலில், அவள் அலுவலகத்தில் இருந்தபோது அவினாசியப்பன் போன் செய்தார். எடுத்தவுடன் மூச்சுத் திணறும் சத்தம் கேட்டது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"என்னாச்சுங்க? அண்ணனுக்கு என்னங்க?"

"மேடம்," என்றார் அவர், மேலே பேச முடியாமல் நிறுத்தி, திரும்பத் தொடங்கி, "மேடம், உங்க அண்ணன்... ஐயோ, என்னால முடியலீங்க... உங்க அண்ணன் சிரிக்கறாருங்க. இடுப்புப் புடிச்சுக்குதுங்க எனக்கு. கடை பூரா ஆளுங்க, சேலைய விரிச்சுப் போட்டுட்டு நான் பாட்டுக்குச் சிரிச்சுட்டு இருக்கறேன். என்னன்னு போய்ப் பாருங்க!"

வலி வந்தது, தாகம் வந்தது, பசியும் தூக்கமும் ஈரமும் வந்தன. சிரிப்பும் அதே வழியில் வரும் என்று இத்தனை மாதமாக ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த இல்லத்தில் அதற்கு முன் யாரும் சிரித்ததில்லை.

அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, சேறும் தண்ணீருமாகக் கிடந்த சாலையில் வேப்பந்தோப்புக்கு ஓட்டினாள். கூடத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தாவால் நிற்க முடியவில்லை. சிரித்தால் ஆயுள் கூடும் என்று சொல்லிக்கொடுக்கும் ஒரு யோகா மாஸ்டர் வந்திருந்தாராம். வேட்டியை மடித்துக் கட்டாமல், இரண்டு கையையும் மேலே தூக்கி ஹா ஹா ஹோ ஹோ என்று அவர் சிரித்துக் காட்ட, எல்லோரும் துக்க வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அப்போது பின்கதவு வழியாக ஒரு வெள்ளாடு வந்து, அவர் வேட்டியின் நுனியை வாயில் வைத்து நிதானமாக மெல்ல ஆரம்பித்ததாம். வெள்ளிங்கிரிதான் முதலில் சிரித்தாராம். தன் வகுப்பு பலித்துவிட்டது என்று மாஸ்டர் இன்னும் உற்சாகமாகக் கையைத் தூக்க, ஆடு இன்னும் கொஞ்சம் வேட்டியை உள்ளே இழுக்க, அதற்குப் பிறகு ஒருவராலும் நிறுத்த முடியவில்லையாம்.

வெள்ளிங்கிரி இப்போது அடங்கியிருந்தார். இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, களைத்துப்போய், நாற்காலியில் சாய்ந்திருந்தார். கோகிலாமணி அவர் எதிரில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"ஆடுங்களாண்ணா?" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். ஆமா என்று சொல்லத்தான் உதட்டைக் கூட்டினார், அதற்குள் முகம் கோணி, தோள் குலுங்கி, மறுபடியும் பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. இது யாருடைய உடம்பிலிருந்தும் வந்ததல்ல, அவளுடையதேதான். அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அவள் சிரித்தாள். அதே நேரம் கடைவீதியில், விரித்துப் போட்ட சேலைகளின் நடுவே, அப்போதுதான் மூச்சு வாங்கி ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கப்போன அவினாசியப்பன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, துணிக்கட்டின் மேல் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாமுங்க, போதுமுங்க" என்று, அங்கே இல்லாத ஒருவரிடம் கெஞ்ச ஆரம்பித்தார்.